அவள் பேரில் ஒரு நிமிஷம்

ஜனவரி 7, புதன்

இன்றைக்கும் போய் அவளாக நின்றுவிட்டு வந்தேன்.

இந்த டைரி வியாபாரிகள் சங்கத்தில் கொடுத்தது. அட்டையில் தங்க எழுத்தில் 'மகானந்தா' என்று என் தங்கச்சி பேர் இருக்கிறது. அச்சடித்த ரஃபீக், கையில் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்காமல் நின்றான். "அக்கா, பழைய லிஸ்ட்டை வெச்சு அடிச்சிட்டேன். மாத்தித் தரட்டுமா?" வேண்டாம் என்றேன்.

சேலைக்கடை புஷ்பா பாபிதான் எழுதச் சொன்னாள். "தினம் நாலு வரி எழுதுங்க ஈரவ்வா. எழுத எழுதப் பேச்சு வரும்." நாலாங்கிளாஸ் படிப்பு. வந்தவரைக்கும் எழுதுகிறேன்.

புதன்கிழமை காலையில் கூட்டம், ஹூப்ளி ஸ்டேஷன் ரோடு ஹோட்டல் மாடியில். ஒரு தொழிலுக்கு ஒருத்தர்தான். பாத்திரக்கடை ஒருத்தர், அச்சகம் ஒருத்தர், போர்வெல் ஒருத்தர், ரொட்டிக்கு நாங்கள். எழுந்து நின்று பேர், தொழில், யாருடைய அறிமுகம் வேண்டும் என்று ஒரு நிமிஷம் சொல்ல வேண்டும். நிமிஷம் தாண்டினால் தலைவர் அங்கடி சாவ்கார் மணியை அடித்துவிடுவார். வர முடியாதவர்கள் வேறு ஆளை அனுப்பலாம். வந்த ஆள், வராதவர் பேரைச் சொல்லி 'நான்' என்றுதான் பேச வேண்டும். அது சங்கத்து வழக்கம். பல் டாக்டருக்குப் பதிலாக அவர் டிரைவர் வந்து நின்று, "நான் டாக்டர் குல்கர்னி, உங்க கடைவாய்ப் பல்லு என் பொறுப்பு" என்பான். ஹால் முழுக்கச் சிரிக்கும்.

நந்தா ஆஸ்பத்திரியில் படுத்தபோது அவளுக்குப் பதிலாக நான் போனேன். தீபாவளி கழிந்து அவள் போய்விட்டாள். நான் இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். இடம் மார்ச் முடிய அவள் பேரில் இருக்கிறது. "அதுவரைக்கும் நீ வந்து அவ பேர்ல பேசு தாயி, யாரு கேக்கப் போறா" என்று சாவ்கார் சொல்லிவிட்டார்.

புதன்கிழமைக்கென்று அவள் வைத்திருந்த நீல இல்கல் சேலையைத்தான் கட்டிக்கொண்டு போகிறேன். இன்னும் துவைக்கவில்லை.

ஜனவரி 9

அவள் பலகையில் யாரையும் உட்காரவிடவில்லை. எங்களோடு ரொட்டி தட்டுகிற கல்லவ்வா கேட்டாள். ஈரமாக இருக்கிறது, காயட்டும் என்றேன். என்ன ஈரம்? எங்கே ஈரம்?

ஜனவரி 14, புதன்

நாளைக்கு சங்கராந்தி. கூட்டம் இல்லை. விடிந்ததிலிருந்து எள் தூவிய கம்பு ரொட்டி தட்டித் தட்டி உள்ளங்கை கொதிக்கிறது. ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்து தட்டினால் மழை விழுகிற மாதிரி சத்தம் வரும். நடுவில் ஒரு கை மட்டும் கொஞ்சம் தாமதமாக விழும், வளையலோடு. அது நந்தா கை. வாய் ஓயாமல் பேசிக்கொண்டே தட்டுவாள், அதனால்தான்.

இன்றைக்கும் விழுந்தது.

நான் தட்டுவதை நிறுத்தினேன். மற்றவர்கள் தட்டிக்கொண்டே இருந்தார்கள். வளையல் சத்தம் இல்லை. மறுபடி தட்ட ஆரம்பித்தேன், மறுபடி விழுந்தது.

அவள் போன் அடித்தது. எடுத்து, "ஹலோ, மகானந்தா" என்றேன். தார்வாடிலிருந்து யாரோ. "குரல் கம்மிப் போச்சே, சளியா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

ஜனவரி 21, புதன்

இன்றைக்கு ரெண்டு புது முகம்.

ஒருத்தர் சதானந்த பை. நாலைந்து காலேஜ் ஹாஸ்டலுக்கு கேன்டீன் எடுத்து நடத்துகிறவர். மங்களூர்ப் பக்கத்து ஆள். போன வாரந்தான் சங்கத்தில் சேர்ந்திருக்கிறார், நந்தாவைப் பார்த்ததே கிடையாது. என் சேலையில் குத்தியிருந்த அட்டையில் பேரைப் படித்துவிட்டுக் கும்பிட்டார்.

நான் எழுந்து சொன்னேன். மனப்பாடம், எழுத்து மாறாமல் அவள் சொல்லிக்கொடுத்தது.

"நான் மகானந்தா. உணக்கல் பக்கம் ரொட்டி தட்டறோம். சோள ரொட்டி, கம்பு ரொட்டி, வேர்க்கடலைச் சட்னிப் பொடி. இந்த வாரம் எனக்கு, விருந்துக்கு அதிகம் வாடகைக்குப் போற கல்யாண மண்டபத்து மேனேஜர் ஒருத்தரைத் தெரிஞ்சவங்க வேணும். எங்க மொறுமொறு கடக் ரொட்டி மடிச்சா உடையும், வெச்சா கெடாது —"

அங்கே நிறுத்த வேண்டும். ஹாலே சேர்ந்து கத்தும்: "மாமியார் கோபம் மாதிரி!"

அதற்கப்புறம் நந்தா சிரிப்பாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு, பொத்தியதையும் மீறி வருகிற சிரிப்பு. எனக்கு அந்தச் சிரிப்பு வராது. கத்தி முடித்து ஹால் சும்மா இருக்கிற அந்த ஒரு கணத்தில் எனக்குப் பின்னாலிருந்து அது கேட்கும். ஒவ்வொரு புதனும் கேட்கிறது. திரும்பிப் பார்க்க மாட்டேன். பார்த்தால் போய்விடும்.

இன்னொரு புது முகம் விருந்தாளி. பிரசாந்த் பெல்லத, தாரிஹாளில் மெஷின் போட்டு ரொட்டி செய்கிறவன். வெளியே டீ குடிக்கும்போது வந்து காலைத் தொட்டான். "உங்க வீட்டு ரொட்டி தின்னு வளந்தவன் அக்கா நான்." இப்படிச் சொல்கிறவனை எப்படி வெறுக்கிறது?

அவன் போனதும் ரஃபீக் சொன்னான், "அவன் ரொட்டியா அது? நான் அடிக்கிற கல்யாணப் பத்திரிகை அதைவிடத் தடிமன். அதுல மஞ்சள் தடவி அனுப்பினா ஜனங்க தின்னுருவாங்க."

புஷ்பா பாபி சிரிக்கவில்லை. என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள். "மார்ச் கடைசில உங்க இடம் காலியாகும். அவன் கேட்டு எழுதிக் குடுத்துட்டான். நீங்களும் எழுதிக் குடுங்க. ஆனா அன்னிக்கு நந்தா பேரைச் சொல்ல முடியாது. உங்க பேரைச் சொல்லி, உங்க நிமிஷத்தைப் பேசணும். அப்புறம் கை தூக்குவாங்க."

"பாக்கலாம் பாபி."

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? உங்க கல்யாண ஆர்டர் எல்லாம் இந்த ஹால்லேர்ந்துதானே போகுது. இடம் போச்சுன்னா ஆறு பொம்பளைங்க எங்க போவாங்க? ஒரு நிமிஷம் உங்க பேரைச் சொல்றதுக்கு என்ன கஷ்டம்?"

என்ன கஷ்டம்? பாபிக்கு எப்படிச் சொல்ல? நான் என் பேரைச் சொல்லிவிட்டால், அதற்கப்புறம் அந்த ஹாலில் அவள் பேரை யார் சொல்லுவார்கள்?

பிப்ரவரி 2

என் நிமிஷத்தை எழுதிப் பார்த்தேன்.

நான் ஈரவ்வா.

அதற்குமேல் வரவில்லை. நான் ஈரவ்வா, சரி. அப்புறம்? நான் ஈரவ்வா, சோளம் பார்த்து வாங்குவேன். நான் ஈரவ்வா, வெந்நீர் பதம் தெரியும். இதை எழுந்து நின்று யாரிடம் சொல்வது?

பிப்ரவரி 4, புதன்

சொல்லிவிட்டு வந்தேன். சிரிப்பு கேட்டது.

ஆஸ்பத்திரியில் அவள் என்னைப் பழக்கியது ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருவாள். வயிறு வீங்கி, முகம் மட்டும் சின்னதாகப் போயிருந்தது.

"சத்தமா சொல்லுக்கா. கதவுகிட்ட உக்காந்திருக்கிறவனுக்கும் கேக்கணும். அவன்தான் எப்பவும் பெரிய பார்ட்டியா இருப்பான், லேட்டா வந்திருப்பான்."

"நான் மகானந்தா உணக்கல்ல ரொட்டி..."

"ஓடாத! பேரைச் சொல்லிட்டு நில்லு. மூச்சு விடு. அப்பத்தான் பேரு காதுல போயி உக்காரும். நீ என் பேரை முழுங்கிட்டு ரொட்டிக்கு ஓடறே. ரொட்டி எங்கயும் கிடைக்கும்."

கடைசியில் நான் 'உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க' என்று சேர்த்துவிட்டேன். பக்கத்துக் கட்டில் அம்மாளுக்குத் தூக்கிவாரிப்போடும்படி நந்தா அதட்டினாள். "ஏதாவதா? ஏதாவதுன்னு ஒருத்தன் ஹூப்ளில இருக்கானா? அவன் வீடு எங்க? இன்ன மண்டபம், இன்ன மேனேஜர்னு கேளு. அப்பத்தான் ஒருத்தனுக்காவது ஒரு முகம் ஞாபகம் வரும்."

அந்த அம்மாள் ஜுரத்தோடு சிரித்தாள். "உன் தங்கச்சி எமன் வந்தாலும் விசிட்டிங் கார்டு குடுப்பா."

"குடுப்பேன். அவன் வீட்டுலயும் சாப்பாடு வேணும்தானே."

புதன் கூட்டம் முடிந்து நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன். செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பாள், "நான் எப்படிப் பேசினேன் இன்னிக்கு?"

நீ எப்படிப் பேசினாய் என்று அவள் ஒரு தரமும் கேட்கவில்லை. நான் எப்படிப் பேசினேன் என்றுதான்.

"நல்லா பேசினே" என்பேன்.

"கதவுகிட்ட கேட்டுதா?"

"கேட்டுது."

படுத்துக்கொள்வாள்.

பிப்ரவரி 6

சேலையில் அவள் வாசனை போய்க்கொண்டிருக்கிறது. இப்போது என் வாசனைதான் வருகிறது. மாவும் புகையும்.

பிப்ரவரி 11, புதன்

என்ன செய்துவிட்டேன் என்று தெரியவில்லை. எழுதினால் தெரியுமா?

கூட்டம் முடிந்ததும் பை வந்தார். "மகானந்தா அக்கா, எங்க ஹாஸ்டல்ல வாரத்துல ரெண்டு நாள் ரொட்டி போடலாம்னு இருக்கேன். இங்க பாதிப் பிள்ளைங்க பிஜாப்பூர், பாகல்கோட். என் சோறும் மீன்குழம்பும் தின்னு அழுவுதுங்க. உங்க இடத்தை ஒரு தடவை பாக்கணும்." அங்கேயே தன் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

நல்ல மனுஷர். வாசலிலேயே ஷூவைக் கழற்றினார். அடுப்புக் கூடத்தில் மற்றவர்கள் தட்டுவதைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார். கல்லவ்வா தவாவிலிருந்து சூடாக ஒன்று எடுத்து வெண்ணெய் வைத்துக் கொடுத்தாள். "மெல்ல சாவ்கார், மங்களூர்ப் பல்லு. இது இட்லி இல்ல" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே தின்றார்.

பிறகு நிமிர்ந்தார். சுவரில் நந்தா படம். விபூதி, மாலை.

கையில் ரொட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். "யாரு அக்கா?"

"என் தங்கச்சி."

"அய்யோ. சின்ன வயசு. எப்போ?"

"தீபாவளி கழிஞ்சு."

"பேரு?"

என் நெஞ்சில் அவள் பேர் அட்டையாகத் தொங்குகிறது. நீல எழுத்து. அவர் அதைப் பார்த்துத்தான் என்னைக் கூப்பிடுகிறார். நான் வாயைத் திறந்தேன். அவள் பேர் எனக்கு ஆகிப்போயிற்று. அவளுக்குக் கொடுக்க மிச்சம் இருந்தது ஒரு பேர்தான்.

"ஈரவ்வா" என்றேன்.

தட்டுகிற சத்தம் நின்றது. எல்லாக் கையும் ஒரே சமயத்தில்.

"ஈரவ்வா" என்று பை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். மறுபடி கும்பிட்டார். மாலையைத் தொட்டு நேராக வைத்தார்.

என் பேரைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பிப்ரவரி 12

கல்லவ்வா காலையில் வந்ததும் பலகையைப் போடவில்லை. இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஏ யவ்வா, உயிரோட இருக்கிறவளை மாலை போட்டு மாட்டிட்டியே. உனக்கு திதி எப்போ, சொல்லிரு. போளி போடணும், வெல்லம் வாங்கி வைக்கறேன்."

"வாய் தவறிப்போச்சு கல்லவ்வா."

"வாய் தவறினா உப்பு கேக்கற இடத்துல சர்க்கரை கேக்கும். செத்தவ பேரைக் கேட்டா தன் பேரைச் சொல்லுமா?" அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "அந்த மனுஷர் ஊர் பூரா சொல்லுவாரு. போன் போட்டு சொல்லிரு அக்கா. இப்பவே."

போனை எடுத்தேன். அவர் எடுத்து, "சொல்லுங்க மகானந்தா அக்கா" என்றார். ரொட்டி நன்றாக இருந்ததா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 15

சிவராத்திரி. உபவாசம். நந்தாவுக்கு உபவாசம் வராது. மத்தியானத்துக்குள் வேர்க்கடலையை மடியில் கட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவாள். நான் கண்டும் காணாமல் இருப்பேன்.

இன்றைக்குக் கொல்லையில் கடலைத் தோல் கிடந்தது. அணில்தான். அணிலாகத்தான் இருக்கும்.

குனிந்து எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்தேன். எறிய மனசு வரவில்லை.

பிப்ரவரி 18, புதன்

இன்றைக்கு நடந்ததை எழுதிவிட வேண்டும்.

பை எழுந்தார். அவர் நிமிஷம். வழக்கமாக ஹாஸ்டல், கேன்டீன் என்று ஆரம்பிப்பவர் இன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என் பேர் சதானந்த பை. இன்னிக்கு என் நிமிஷத்துல எனக்குன்னு ஒண்ணும் கேக்கல. போன வாரம் மகானந்தா அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவங்க தங்கச்சி ஈரவ்வா தீபாவளி கழிஞ்சு தவறிட்டாங்களாம். அக்கா இங்க ஒரு வார்த்தை சொல்லல. வாரா வாரம் வந்து நம்மளைச் சிரிக்க வெச்சுட்டுப் போறாங்க. என் மிச்ச நேரத்தை ஈரவ்வாவுக்குக் குடுக்கறேன். எல்லாரும் எழுந்து நிக்கணும்."

புதிதாகச் சேர்ந்தவர்கள் உடனே எழுந்தார்கள். பழையவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். புஷ்பா பாபியின் வாய் திறந்தபடி இருந்தது. ரஃபீக் பாதி எழுந்து, பாதியிலேயே நின்றான். அங்கடி சாவ்கார் மணிமேல் கை வைத்தார், அடிக்கவில்லை. ஆனால் முன்னால் ஆட்கள் தலை குனிந்து நிற்கும்போது எத்தனை நேரம் உட்கார்ந்திருக்க முடியும்? ஒவ்வொருத்தராக எழுந்துவிட்டார்கள்.

ஹால் முழுக்க எனக்காக நின்றது.

பொய் எழுத மாட்டேன். நிம்மதியாக இருந்தது. அவள் இருக்கிறாள், நான் போய்விட்டேன் — அதுதான் சரி என்று பட்டது. பேசத் தெரிந்தவள் அவள். ஊரெல்லாம் ஆள் தெரிந்தவள் அவள். எமன் கணக்குப் பிசகிப்போய் என்னை விட்டுவிட்டு அவளை எடுத்துவிட்டான். இப்போது பை வந்து அதைத் திருத்திவிட்டார். அப்படித்தான் தோன்றியது. அந்த நீலச் சேலைக்குள் எனக்கு உடம்பே இல்லை.

சத்தமே இல்லாமல் இருந்தது. இந்த மாதிரி சும்மா இருக்கிற நேரத்தில்தானே எனக்குப் பின்னாலிருந்து சிரிப்பு வரும்? காத்துக்கொண்டு நின்றேன். இதைவிடப் பெரிய வேடிக்கை வேறு என்ன, எனக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள், நான் நடுவில் நின்றுகொண்டிருக்கிறேன் — நந்தா விழுந்து விழுந்து சிரித்திருக்க வேண்டும்.

வரவில்லை.

முதல் தடவையாக வரவில்லை. எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். பார்த்தே விட்டேன். சுவர், ஃபேன் ஸ்விட்ச், யாரோ மாட்டிய துணிப்பை.

"உக்காருங்க" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை.

சத்தமாகச் சொல்லு என்பாளே.

"எல்லாரும் உக்காருங்க. ஈரவ்வா சாகல. நான்தான் ஈரவ்வா."

நின்றேன். மூச்சு விட்டேன்.

"செத்துப்போனது மகானந்தா. என் தங்கச்சி. இது அவ சேலை, இது அவ அட்டை, நான் இங்க பேசினதெல்லாம் அவ பேச்சு. பை சாவ்கார் படத்தைக் காட்டிப் பேரு கேட்டாரு. அவ செத்துட்டான்னு என் வாயால நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. ஆஸ்பத்திரில டாக்டர் சொன்னாரு. வீட்டுல கல்லவ்வா சொன்னா. இங்க சாவ்கார் சொன்னாரு. நான் சொல்லல. அன்னிக்கும் சொல்ல வரல, என் பேரைச் சொல்லிட்டேன். அவர்மேல தப்பில்ல."

அட்டையைக் கழற்ற முயன்றேன். ஊக்கு சேலையில் மாட்டிக்கொண்டது. பாபி எழுந்து வந்து கழற்றினாள்.

சாவ்காருக்கு மணி அடிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. "தாயி, உனக்கு... யாருடைய அறிமுகமாவது வேணுமா?" என்று கேட்டார். பாவம், எல்லோரிடமும் கேட்டுப் பழகிய கேள்வி.

"இன்னிக்கு யாரும் வேண்டாம்" என்றேன்.

பிப்ரவரி 20

பை அன்றைக்கு டிபன்கூடச் சாப்பிடாமல் போய்விட்டாராம். ரஃபீக் சொன்னான். "கோபம்னு இல்ல அக்கா. அவரு வெக்கப்பட்டுட்டாரு. கல்லு மாதிரி இருக்கிற ஆளுக்கு அஞ்சலி செலுத்திட்டோமேன்னு." சிரிக்க வைக்கப் பார்க்கிறான்.

ஹாஸ்டல் ஆர்டர் வராது. பொய் சொன்னவளிடம் யார் ரொட்டி வாங்குவார்கள்?

பிப்ரவரி 22

சேலையைத் துவைத்தேன். சாயம் கொஞ்சம் போயிற்று.

பிப்ரவரி 25, புதன்

போகவில்லை. எந்தப் பேரில் போவது?

கூட்டம் நடக்கிற நேரத்தில் தட்டிக்கொண்டு இருந்தேன். தாமதமாக விழுகிற அந்தக் கை இன்றைக்கு இல்லை. காதைத் தீட்டித் தீட்டிக் கேட்டேன். அவளைத் துரத்திவிட்டேனா? செத்தது மகானந்தா என்று சொன்னேனே. சொன்னதும் போய்விட்டாயா நந்தா? அவ்வளவுதானா? ஒரு வார்த்தையிலயா?

மார்ச் 4, புதன்

இன்றும் போகவில்லை. ஆனால் கூட்டம் முடிகிற வேளைக்கு வாசலில் கார் வந்து நின்றது. பை.

ஷூவைக் கழற்றினார். உள்ளே வந்தார். கல்லவ்வா முறைத்துக்கொண்டு தவாவைத் திருப்பினாள். அவர் நேராகப் படத்துக்கு முன்னால் போய் நின்றார். சின்ன மல்லிகைச் சரம் கொண்டுவந்திருந்தார், தாமரை இலையில் மடித்து.

"அக்கா, இது யாரு?" என்று கேட்டார். முதல் நாள் கேட்ட அதே மாதிரி.

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று.

"என் தங்கச்சி."

"பேரு?"

"மகானந்தா."

"உங்க பேரு?"

"ஈரவ்வா."

"என் பேர் சதானந்த பை" என்று கும்பிட்டார். "ஹாஸ்டல் கேன்டீன் நடத்தறேன்."

கல்லவ்வா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "புகை" என்றாள்.

போகும்போது அவர் சொன்னார், "ரொட்டியைப் பத்தி இப்ப பேசல. மார்ச் கடைசிக் கூட்டத்துக்கு வாங்க. உங்க வாயால கேக்கறேன், அப்புறம் சொல்றேன்."

மார்ச் 11

புஷ்பா பாபி என் பேருக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டு வந்தாள். தொழில் என்ற இடத்தில் 'ரொட்டி வியாபாரம்' என்று எழுதப் போனாள். 'ரொட்டி தட்டுவது' என்று எழுதச் சொன்னேன்.

மார்ச் 19

உகாதி. வேப்பம்பூவும் வெல்லமும். அவள் வெல்லத்தை மட்டும் பொறுக்கித் தின்பாள். படத்துக்கு முன்னால் வெல்லம் மட்டும் வைத்தேன்.

மார்ச் 25, புதன்

எனக்கென்று பச்சைச் சேலை இருக்கிறது, அதைக் கட்டினேன். அட்டையில் ரஃபீக் என் பேரை அடித்துத் தந்தான். பெரிய எழுத்து. "கதவுகிட்டேர்ந்து படிக்கலாம்" என்றான். அவனுக்கு யார் சொன்னது அந்தக் கதவு விஷயம்? நந்தா அவனிடமும் சொல்லியிருப்பாள்.

பெல்லத முதலில் பேசினான். அழகாகப் பேசினான். மெஷின் படம் காட்டினான்.

நான் எழுந்தேன்.

"நான் ஈரவ்வா." நின்றேன். "உணக்கல்ல ஆறு பேர் ரொட்டி தட்டறோம். என்கிட்ட மெஷின் இல்ல. எனக்குப் பேசவும் அவ்வளவா வராது. சோளம் சரியில்லன்னா அன்னிக்கு ஆர்டர் எடுக்க மாட்டேன், போன் பண்ணிச் சொல்லிடுவேன். பொய் ஒரு தடவை சொன்னேன், உங்க எல்லாருக்கும் தெரியும். இன்னிக்கு எனக்கு வேண்டியது ஹாஸ்டல் கேன்டீன் நடத்தறவர் ஒருத்தர். அவர் ஹாஸ்டல்ல பிஜாப்பூர்ப் பக்கத்துப் பிள்ளைங்க இருக்கணும், மீன்குழம்பு தின்னு அழற பிள்ளைங்க."

பை தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

முடிந்தது என்று உட்காரப் போனேன். பின்னாலிருந்து ரஃபீக் குரல் கொடுத்தான், "அக்கா, வெச்சா கெடாதா?"

ஹாலே கத்தியது: "மாமியார் கோபம் மாதிரி!"

சத்தம் அடங்கியது. காத்திருக்கவில்லை. "அப்படின்னு மகானந்தா சொல்லுவா" என்றேன்.

"மகானந்தா சொல்லுவா" என்று சாவ்கார் திருப்பிச் சொன்னார், தனக்குத்தானே. மணியை அடித்தார்.

கைகள் உயர்ந்தன. எல்லாம் இல்லை. போதுமான கைகள்.

"அடுத்த வருஷம் பாக்கலாம் அக்கா" என்று பெல்லத காலைத் தொட்டுவிட்டுப் போனான்.

ஏப்ரல் 22, புதன்

நிமிஷம் பேசினேன். கடைசி வரியை ஹால் சொல்லிற்று. 'மகானந்தா சொல்லுவா' என்பதையும் இப்போது அவர்களே சேர்த்துச் சொல்லுகிறார்கள். புதிதாக வந்த ஒருவர் யார் அந்த மகானந்தா என்று பக்கத்தில் கேட்டார். அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மே 17

பை கொண்டுவந்த மல்லிகைச் சரம் எப்போதோ காய்ந்துபோயிற்று. இன்னும் எடுக்கவில்லை. எடுக்கிற அன்றைக்கு எடுப்பேன்.

ஜூன் 8

மழை பிடித்துவிட்டது. எனக்கு ஜுரம். ஹாஸ்டல் ரொட்டியைக் கல்லவ்வா பார்த்துக்கொள்கிறாள். நந்தா பலகையில் உட்கார்ந்து தட்டுகிறாள். நான்தான் உட்காரச் சொன்னேன். இங்கிருந்து பார்த்தால் அந்த இடம் தெரியாது, சத்தம் மட்டும் வரும்.

ஜூன் 10, புதன்

ஜுரம் விடவில்லை. எழுந்திருக்க முடியவில்லை. கூட்டத்துக்குக் கல்லவ்வாவை அனுப்பினேன். நேற்றெல்லாம் கட்டிலிலிருந்தே சொல்லிக்கொடுத்தேன். "எனக்கு வேர்க்குது, அங்க எல்லாம் கோட்டு போட்டவங்க" என்று புலம்பினாள். "உன் பேரைச் சொல்லவா என் பேரைச் சொல்லவா?" என்றாள்.

"என் பேரை."

மழையில் நனைந்துகொண்டு வந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"நான் எப்படிடீ பேசினேன்?" என்று கேட்டேன்.

கேட்டதும் எனக்கே தூக்கிவாரிப்போட்டது. கல்லவ்வா கவனிக்கவில்லை. முந்தானையால் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"நல்லாத்தான் பேசினே போ. கதவுகிட்ட இருந்தவனுக்கும் கேட்டுது."

படுத்துக்கொண்டேன்.